சுரங்கத் துளைப்புக்குத் தண்ணீர்: கழுவவா, சுத்தியலை ஓட்டவா, பாறையை வெட்டவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம் பிள்ளைகள் பலர் இன்று கல் குவாரி, மலைக்குடைவு, சுரங்கம் என்று பாறை வேலையில் இருக்கிறார்கள். சிலர் சொந்தமாகக் கம்பிரசர் வாங்கிச் சின்னக் குத்தகையும் எடுக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, தண்ணி ஜெட் போட்டா கல்லு வெண்ணெய் மாதிரி வெட்டுமாமே? வாங்கிடலாமா?"

வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பாறை துளைக்கும் இடத்தில் தண்ணீருக்கு மூன்று வேலை கொடுக்கலாம். தூளைக் கழுவி வெளியே தள்ளலாம். துளைக்கும் முனையை அடிக்கும் சுத்தியலை இயக்கலாம். பாறையையே வெட்டலாம். முதல் வேலைக்கு 5 முதல் 20 பார் அழுத்தம் போதும் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார்). இரண்டாவதற்கு 180 பார் வரை வேண்டும். மூன்றாவது 500 பாரில் தொடங்கி 2,000 பாரையும் தாண்டும். அழுத்தம் ஏற ஏற விலையும் ஏறும், ஆபத்தும் ஏறும், பழுதுபார்க்கத் தெரிந்த ஆளும் குறைவார்கள். உங்களுக்கு எந்த வேலை தேவை என்று தெரியாமல் விலைப்பட்டியலைப் பார்ப்பதில் பயனில்லை.

எதை வைத்து அளப்பது

முதலில் பாறை. நமக்குக் கிழக்கே நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர் பெரும்பகுதி கருங்கல். பகாங்கிலிருந்து சிலாங்கூருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் 44.6 கிலோமீட்டர் சுரங்கப்பாதை அந்த மலைக்குள்தான் போகிறது. ஈப்போவைச் சுற்றி இருப்பது சுண்ணாம்புக்கல். ரவூப்பில் தங்கம் கிடைத்தது குவார்ட்ஸ் (படிகக்கல்) நரம்புகளில். பத்து ஆராங்கில் 1960 வரை வெட்டியது நிலக்கரி. இந்த நாலுக்கும் ஒரே கருவி சரிவராது.

அடுத்தது துளை. வெடி வைக்க 40 மில்லிமீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம் போதும் என்றால் ஒரு கணக்கு. 100 மில்லிமீட்டரில் முப்பது மீட்டர், அதுவும் கோணாமல் போக வேண்டும் என்றால் முற்றிலும் வேறு கணக்கு.

மூன்றாவது தண்ணீர். பேராக்கில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, மழை காலத்தில் இறைத்து மாளாது. ஆனால் சுத்தமான தண்ணீர் வேறு, சுரங்கத்தில் தேங்கும் தண்ணீர் வேறு. ஈயம் (டின்), தங்கம் கிடைக்கும் நரம்புகளில் கந்தகக் கனிமங்கள் கலந்திருந்தால் அங்கே ஊறும் தண்ணீர் அமிலமாக இருக்கும். சுண்ணாம்புக்கல் வழியாக வரும் தண்ணீர் குழாயில் காரை படியவைக்கும். இது இரண்டும் பம்புக்கு எமன்.

நான்காவது, வேலை செய்பவர் உடம்பு. குத்தகைத் தாளில் இதற்குக் கட்டமே இருக்காது. ஆனால் எனக்கு இதுதான் முதல் அளவுகோல். கருங்கல்லில் குவார்ட்ஸ் உண்டு. அதன் நுண்தூள் நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும், அதற்கு மருந்து கிடையாது. இந்தச் சிலிக்காத் தூளைப் புற்றுநோய்க் காரணி என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் உறுதியாகவே வகைப்படுத்திவிட்டது. அமெரிக்காவில் தண்ணீர் இல்லாமல் துளைத்த பழைய இயந்திரங்களுக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் 'விதவையாக்கி'. 1890களின் கடைசியில் கொலராடோவில் ஜார்ஜ் லெய்னர் என்பவர் நடுவில் துவாரமுள்ள ராடு (துளைக்கும் கம்பி) வழியாகத் தண்ணீரை அனுப்பும் துளைப்பானைக் கொண்டுவந்தார். இன்று நாம் சாதாரணமாக நினைக்கும் அந்த 5 பார் தண்ணீர் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. தூளோடு சத்தத்தையும் கை அதிர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு 2019 இரைச்சல் விதிமுறைப்படி எட்டு மணி நேர வேலைக்கு எல்லை 85 டெசிபல். எந்த நொடியிலும் 115ஐத் தாண்டக் கூடாது. காற்றில் ஓடும் துளைப்பான் அந்த 115 பக்கத்திலேயே கத்தும்.

கடைசியாகப் பழுது. ராத்திரி பத்து மணிக்குக் கசிவைத் தடுக்கும் ஒரு சீல் போனால், மறுநாள் காலையில் ஈப்போவில் கிடைக்குமா, இல்லை வெளிநாட்டிலிருந்து வரும்வரை ஆட்களை உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டுமா? பல குத்தகைகள் நஷ்டத்தில் முடிவது இந்த இடத்தில்தான்.

முதல் வழி: காற்றுத் துளைப்பான், சாதாரணத் தண்ணீர்

கம்பிரசர் காற்றில் ஓடி, ஒரு காலில் ஊன்றி நிற்கும் கைத்துளைப்பான். ஜேக்லெக் என்று எல்லாருக்கும் தெரிந்த சாமான். ஒரு ஆள் தூக்கலாம், ஒரு மீட்டர் அகலச் சந்துக்குள்ளும் கொண்டுபோகலாம். 1906 முதல் 1986 வரை ஒரே கம்பெனி நடத்திய சுங்கை லெம்பிங் ஈயச் சுரங்கம் மாதிரி, கனிம நரம்பைத் துரத்திக்கொண்டே குடையும் இடங்களில் பெரிய வண்டி நுழையவே முடியாது. அங்கே இதை விட்டால் வழி குறைவு.

கருங்கல்லில் நிமிடத்துக்கு 30 முதல் 50 சென்டிமீட்டர் போகும். கம்பிரசர் 23 கிலோவாட் போல இழுக்கும், ஆனால் துளைக்கும் முனையான பிட்டுக்குப் போய்ச் சேருவது அதில் பத்தில் ஒரு பங்குதான். மீதி சூடாகவும் சத்தமாகவும் ஓஸ் ஒழுக்காகவும் போய்விடும். மறைசெலவு என்றால் இதுதான். இயந்திரம் மலிவு, டீசல் மலிவில்லை.

ஜெட் வேண்டும் என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது, கையில் இருக்கும் ஜேக்லெக்கில் தண்ணீரை ஒழுங்காகப் போக வைப்பது. தண்ணீர் குறைந்தால் உடைந்த தூள் துளையின் அடியிலேயே கிடக்கும். பிட்டு பாறையை அடிக்காமல் அந்தத் தூளையே திரும்பத் திரும்ப அரைக்கும். வேகம் விழும், பிட்டு சூடேறும், அதில் பதித்த கடினமான கார்பைடு பல் தெறிக்கும். சரி, அழுத்தத்தைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். கூட்டக் கூடாது. தண்ணீர் அழுத்தம் காற்று அழுத்தத்தைவிட ஒரு பாராவது குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் துளைப்பானுக்குள்ளேயே ஏறி எண்ணெயைக் கழுவிவிடும், பிஸ்டன் சீக்கிரம் தேயும். உள்ளே போகும் மெல்லிய தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறதா, ராடின் துவாரம் அடைத்திருக்கிறதா, பிட்டின் வாயில் மண் இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தாலே பல இடங்களில் இழந்த வேகம் திரும்பிவிடும். இதற்குச் செலவு ஒரு குழாயும் கொஞ்ச நேரமும்.

இரண்டாவது வழி: ஹைட்ராலிக் ஜம்போ

1970களில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் துளைப்பான்கள் வந்தபிறகு பெரிய சுரங்கங்கள் காற்றை விட்டு அதற்கு மாறின. அவற்றைப் பொருத்திய வண்டிதான் ஜம்போ. கருங்கல்லில் நிமிடத்துக்கு ஒன்றரை முதல் மூன்று மீட்டர். அதே துளைக்கு ஆகும் மின்சாரம் காற்றுத் துளைப்பானுக்கு ஆவதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஆள் கேபினுக்குள் உட்கார்ந்து ஓட்டுவதால் கை அதிர்வு கிடையாது, தூளும் குறைவு.

இதிலும் தண்ணீர் கழுவும் வேலைதான் செய்கிறது. ஆனால் நிமிடத்துக்கு 50 லிட்டருக்கு மேல் கேட்கும். குடைவு மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டராவது இருக்க வேண்டும், மின்கேபிள் இழுக்க வேண்டும், ஹைட்ராலிக் தெரிந்த போர்மன் (மெக்கானிக்) ஒருவர் இருக்க வேண்டும். குத்தகை தொடர்ந்து வரும் என்றால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் வாடகைக்கு எடுங்கள். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நன்றாகத் தெரிந்த, நன்றாக ஓடும் சாமான்.

மூன்றாவது வழி: தண்ணீரே ஓட்டும் சுத்தியல்

இது நம் பக்கம் அதிகம் பேசப்படாதது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது. சுத்தியல் துளையின் அடியில், பிட்டுக்கு நேர் பின்னால் இருக்கும். 180 பார் வரை அழுத்தமுள்ள தண்ணீர் அதன் பிஸ்டனை அடிக்கவைக்கும். வேலை முடிந்த அதே தண்ணீர் தூளையும் கழுவிக்கொண்டு வெளியே வரும். சுவீடனின் இரும்புச் சுரங்கக் கம்பெனியான எல்கேஏபி தன் சுரங்கங்களுக்காக இதை உருவாக்கி 'வாசாரா' என்ற பெயரில் கொண்டுவந்தது. மேல்நோக்கி நீளமாக, கோணாமல் துளைக்க வேண்டிய வேலைக்கு இது பேர்போனது.

கோணாமல் போவதற்குக் காரணம் எளிது. காற்று விரிந்து பாயும், தண்ணீர் விரியாது. வெளியே வரும் தண்ணீர் மெதுவாக வருவதால் சுத்தியலின் உடம்பைத் துளையோடு ஒட்டிய அளவில் செய்யலாம், ஆட்டம் இருக்காது. துளையின் சுவரையும் அரிக்காது. எண்ணெய் வேண்டியதில்லை என்பதால் நிலத்தடி நீரில் எண்ணெய் கலக்கும் பேச்சும் இல்லை.

தென்னாப்பிரிக்காவின் ஆழமான தங்கச் சுரங்கங்களிலும் தண்ணீரால் ஓடும் கருவிகள் உண்டு. அங்கே சுரங்கத்தைக் குளிரவைக்க எப்படியும் குளிர்நீரைக் கீழே அனுப்ப வேண்டும். பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஒரு பார் என்று அழுத்தம் தானாகவே கூடும், 1,800 மீட்டருக்குக் கீழே 180 பார் இலவசம். நமக்கு அந்த ஆழம் இல்லை. பம்பு போட்டே ஆக வேண்டும். மலைத் தண்ணீரைச் சுரங்கத்துக்கு வேலைசெய்ய வைப்பது நம் நாட்டுக்கும் புதிதல்ல. ரவூப் தங்கச் சுரங்கத்துக்கு 1900இலேயே செம்பாம் ஆற்றிலிருந்து மின்சாரம் எடுத்திருக்கிறார்கள்.

மறைசெலவுக்கு வருவோம். சுத்தியலின் அளவைப் பொறுத்து நிமிடத்துக்கு 100 முதல் 400 லிட்டர் குடிக்கும். 150 லிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், ஆறு மணி நேரம் துளைத்தால் 54,000 லிட்டர். இதை 100 மீட்டர் மேலே ஏற்ற, பம்பு பாதித் திறனில் ஓடினாலும், சுமார் 30 கிலோவாட் மணி மின்சாரம்தான். அதனால் இறைக்கும் மின்சாரச் செலவைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது சேற்றைத்தான். கல்தூள் கலந்த தண்ணீர் இறைக்கும் பம்பைத் தின்றுவிடும், தரை சகதியாகும், வண்டி புதையும், வடிகுட்டை தோண்ட வேண்டும், அதை அள்ள ஆள் வேண்டும். அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் ஓடையில் விட்டால் சுற்றுச்சூழல் அதிகாரிகள் வருவார்கள். வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தலாம் என்றால், சுத்தியலுக்குள் போகும் தண்ணீரில் மணல் துகள் இருக்கவே கூடாது.

நான்காவது வழி: பாறையை வெட்டும் உயர் அழுத்த ஜெட்

கிந்தா பள்ளத்தாக்கு ஈயலம்பங்களில் (ஈயச் சுரங்கங்களில்) மானிட்டர் குழாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி மண்மேட்டைச் சரித்ததைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். தண்ணீர் எதையும் அறுக்கும் என்ற நம்பிக்கை அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே அறுபட்டது ஆறு கொண்டுவந்து கொட்டிய தளர்ந்த மணலும் சரளையும்தான். கருங்கல்லின் நசுக்குவலிமை 1,000 பாருக்கு மேல், 2,000 பார் வரைகூடப் போகும். ஒவ்வொரு பாறைக்கும் ஒரு தொடக்க அழுத்தம் உண்டு. அதற்குக் கீழே எவ்வளவு தண்ணீர் பீய்ச்சினாலும் பாறை நனையும், அவ்வளவுதான்.

அந்த அளவைத் தாண்டினால் கதை மாறும். 1,000 பாரில் நாசிலை (பீய்ச்சும் குழாய்முனையை) விட்டு வெளிவரும் தண்ணீரின் வேகம் நொடிக்கு சுமார் 450 மீட்டர். ஒலியையே முந்தும். இது கல்மணிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளிலும் வெடிப்புகளிலும் புகுந்து பிளக்கும். முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ரோலா பல்கலைக்கழகத்தில் 1984இல் ஸ்டோன்ஹெஞ்சின் பாதி அளவு நகலைக் கருங்கல்லில் செய்து நிறுத்தினார்கள். கல்லை வெட்டியது சுமார் 1,000 பார் தண்ணீர்.

சுரங்கத்தில் ஜெட் தனியாக வேலை செய்வதைவிட, பிட்டுக்குத் துணையாக நிற்பதில்தான் லாபம். பிட்டிலேயே நாசில் வைத்து, பல் அடிக்கப்போகும் இடத்தில் ஜெட் ஒரு பள்ளம் கீறிவிடும். பிடிமானம் இழந்த பாறையைப் பல் எளிதாக உடைக்கும். உடைந்த தூள் உடனே வெளியேறும், கார்பைடும் குளிர்ந்தே இருக்கும். தென்னாப்பிரிக்காவில் 1970களில் மைக்கேல் ஹூட் நடத்திய சோதனைகளில் கடினமான பாறையை வெட்டும் பல்லின் மேல் விழும் விசை ஜெட் துணையால் நன்றாகக் குறைந்தது. விசை குறைந்தால் இலேசான இயந்திரமே போதும், துளையும் நேராக வரும். மணற்கல், வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல், நிலக்கரி என்றால் லாபம் கூடும். வெடிப்பே இல்லாத கருங்கல் என்றால் சுருங்கிவிடும்.

இனி மின்சாரம். ஒரு மில்லிமீட்டர் நாசில் ஒன்று 1,000 பாரில் நிமிடத்துக்குப் பதினான்கு லிட்டர் போலத்தான் விடும். தண்ணீர் குறைவு, ஆனால் அதற்கே 23 கிலோவாட் ஆகும். ஒரு ஜேக்லெக்கின் கம்பிரசர் இழுப்பதை ஒரே ஒரு நாசில் விழுங்கிவிடுகிறது. பிட்டில் இரண்டு நாசில் என்றால் இரட்டிப்பு. துளைக்கும் இயந்திரத்தின் செலவு இதற்கு மேல்.

தேய்மானத்தில் மூன்று இடம் வலிக்கும்: நாசில், சுழலும் ராடுக்குள் தண்ணீரைக் கொடுக்கும் சுவிவல், பம்பின் சீல். நாசிலின் ஓட்டை கொஞ்சம் அகன்றாலே அழுத்தம் விழுந்து ஜெட் வெறும் கழுவும் தண்ணீராகிவிடும், வேகம் ஏன் குறைந்தது என்று ஓட்டுநருக்கும் தெரியாது. வடிகட்டி நுண்ணியதாக இருக்க வேண்டும், அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். தோலுக்குள் தண்ணீர் ஊடுருவ 100 பார்கூட வேண்டாம், இங்கே அதற்குப் பத்து மடங்கு. காயம் ஊசி குத்தினது போல்தான் தெரியும், உள்ளே சதை கிழிந்து அழுக்கு பரவியிருக்கும். பிளாஸ்டர் ஒட்டிவிட்டு வேலைக்குத் திரும்பும் காயம் இல்லை இது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், "உயர் அழுத்தத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

எல்லாம் இருந்தும் ஜெட்தான் சரி என்ற இடங்கள் உண்டு. கனடாவின் சிகர் லேக் யுரேனியச் சுரங்கத்தில் 2014இல் உற்பத்தி தொடங்கியது. அங்கே தாதைச் சுற்றித் தண்ணீர் ஊறும் நிலம், தாதிலோ கடும் கதிர்வீச்சு. நிலத்தை உறையவைத்து, கீழேயிருந்து துளைபோட்டு, ஜெட்டால் தாதை அறுத்து விழவைக்கிறார்கள். ஆள் பக்கத்தில் போவதில்லை. அங்கே ஜெட் வந்தது மனிதன் நிற்கவே முடியாத இடம் என்பதால், மலிவு என்பதால் அல்ல.

மணல் கலந்த ஜெட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். இரும்புத் தகட்டையும் கிச்சன் மேடைக் கல்லையும் வெட்டும் கடைகளுக்கு அது அருமை. சுரங்கத்துக்குள் கார்னெட் மணலை மூட்டை மூட்டையாக இறக்கி, சேற்றோடு கொட்டிவிட்டு வர யாருக்கும் கட்டுப்படியாகாது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஜேக்லெக் | ஜம்போ | தண்ணீர்ச் சுத்தியல் | ஜெட் துணை |
|---|---|---|---|---|
| தண்ணீரின் வேலை | கழுவ | கழுவ | இயக்க, கழுவ | வெட்ட, கழுவ |
| அழுத்தம் | 5 பார் அளவு | 10 முதல் 20 பார் | 180 பார் வரை | 500 பார் முதல் 2,000க்கு மேல் |
| பொருந்தும் துளை | சிறியது, குட்டை | நடுத்தரம் | நீளம், நேர் | பாறையைப் பொறுத்தது |
| மறைசெலவு | டீசல், ஆள் உடம்பு | பெரிய குடைவு, போர்மன் | சேறு, வடிகட்டல் | நாசில், சீல், மின்சாரம், பயிற்சி |
| பழுதுபார்க்க ஆள் | ஊரிலேயே | ஈப்போ, கோலாலம்பூர் | விற்றவர் | விற்றவர் மட்டும் |

யாருக்கு எது

குறுகிய நரம்பு, சின்னக் குத்தகை, மாதத்துக்கு மாதம் இடம் மாறும் வேலை என்றால் ஜேக்லெக்கே போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல காது மூடியும் முகமூடியும் அதிர்வு குறைக்கும் கைப்பிடியும் வாங்குங்கள். ஒரே குடைவில் வருடக்கணக்கில் வேலை, வண்டி நுழையும் அகலம் உண்டு என்றால் ஜம்போ. முப்பது மீட்டர் துளை கோணினால் வெடி தப்பி, தாதோடு வெறும் கல்லும் சேர்ந்து விழும் என்ற நிலை இருந்தால் தண்ணீர்ச் சுத்தியலின் சேற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். ஜெட் துணையைக் கருங்கல் மலையில் சின்னக் குத்தகைக்காரர் சொந்தப் பணத்தில் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். வெடிப்பும் துளையும் நிறைந்த மென்பாறை, தேய்ந்த பிட்டுக்கே பணம் கரையும் இடம், மேலிருந்து கல் விழும் அபாயத்தால் ஆள் தள்ளியே நிற்க வேண்டிய இடம், இவற்றில் சுரங்க உரிமையாளர் செலவை ஏற்றால் யோசிக்கலாம்.

யோசிக்கிறீர்கள் என்றால், விற்பவர் காட்டும் வீடியோவை விட்டுவிட்டு உங்கள் பாறையில், உங்கள் தண்ணீரில் சோதனை கேளுங்கள். முதல் ஐந்து நிமிட வேகத்தைக் குறிக்காதீர்கள், நாசில் ஒரு நாள் முழுதும் ஓடியபின் உள்ள வேகத்தைக் குறியுங்கள். பக்கத்திலேயே புதுப் பிட்டு போட்டு, தண்ணீர் சரியாகப் போகும் ஒரு ஜேக்லெக்கையும் ஓட்டிப் பாருங்கள். பழைய பிட்டு போட்ட ஜேக்லெக்கோடு ஒப்பிட்டுத்தான் பெரும்பாலும் ஜெட்டை விற்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் என்றால் நாசிலும் சுவிவல் சீலும் யார் கணக்கு, வடிகட்டி யார் கணக்கு, இயந்திரம் நின்ற நாளுக்கு வாடகை உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கியபிறகு கையெழுத்துப் போடுங்கள்.